குழாய், ஃபேன், மோட்டார், சுவர்: வீட்டுப் பழுதுவேலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ளவை தமிழ்நாட்டுச் சாதாரண வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. செங்கல் சுவர், தரையடிச் சம்ப், மாடியில் சின்டெக்ஸ் தொட்டி, 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் மின்சாரம், உப்புக் கலந்த போர் தண்ணீர். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு ஒதுக்கும் நேரம் வீண் போகாது. கண்டுபிடித்துவிட்டால் மாற்ற வேண்டியது பெரும்பாலும் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் சிறு பாகமாகத்தான் இருக்கும். கண்டுபிடிக்காமல் மாற்றினால் புதுப் பாகமும் சீக்கிரமே கெடும்.

வீட்டில் என்னென்ன கருவிகள் வைத்திருக்க வேண்டும்?

பெட்டியோடு விற்கும் நூறு உருப்படி செட் வேண்டாம். அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள். 8 அங்குலக் கட்டிங் பிளேயர், தட்டையும் ஸ்டாருமாக இரண்டு நல்ல திருப்புளி, 10 அங்குல ஸ்க்ரூ ஸ்பேனர், 12 அங்குலப் பைப் ரென்ச், ஆக்சா பிளேடும் ஃபிரேமும், அளவு டேப், சிறிய ரசமட்டம், டெஃப்லான் டேப், இன்சுலேஷன் டேப், ஒரு மல்டிமீட்டர். சுவரில் வேலை இருந்தால் ஹாமர் வசதியுள்ள டிரில். மின்வேலைக்கு மரம் அல்லது ஃபைபர் ஏணி. அலுமினிய ஏணி வேண்டாம்.

டெஸ்டர் எரிந்தால் கரன்ட் சரியாக வருகிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. டெஸ்டர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தொட்ட இடத்தில் ஃபேஸ் (கரன்ட் வரும் வயர்) இருக்கிறது. நியூட்ரல் (கரன்ட் திரும்பும் வயர்) அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும், ஆனால் எதுவும் ஓடாது. அந்த வரிசையில் (சர்க்யூட்டில்) ஏதாவது ஒரு பல்போ ஃபேனோ ஸ்விட்ச் போட்ட நிலையில் இருந்தால் சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரியும். இரண்டிலும் எரிந்தால் நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மறுபக்கமும் உண்டு. ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் நின்று வெயில் வெளிச்சத்தில் பார்த்தால் டெஸ்டர் எரிவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எனவே கரன்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் முதலில் சோதியுங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி பழைய இடத்தில். மல்டிமீட்டர் இருந்தால் குழப்பமே இல்லை. ஃபேஸ்–நியூட்ரல் 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், ஃபேஸ்–எர்த்தும் அப்படியே, நியூட்ரல்–எர்த் சில வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

சீலிங் ஃபேன் 5-இல் வைத்தாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. ரெகுலேட்டரை மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். இப்போதைய ஸ்டெப் ரெகுலேட்டர்கள் 5-இல் மின்சாரத்தை நேராக ஃபேனுக்கு விடுகின்றன. குறைந்த எண்களில் வேகம் மாறி 5-இல் மட்டும் மந்தமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியது ரெகுலேட்டரை அல்ல, கண்டன்சரை (மோட்டாரைக் கிளப்பி ஓட்ட உதவும் கெப்பாசிட்டர்).

முதலில் எம்.சி.பி.யை (மின் பெட்டியில் அந்த வரிசைக்கான பாதுகாப்பு ஸ்விட்ச்) அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். கரகரவென்று சத்தமும் உடனே நிற்பதும் இருந்தால் பேரிங். நன்றாகச் சுற்றினால் கரன்ட்டைப் போட்டு, காய்ந்த மரக் குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளுங்கள். தானாகக் கிளம்பாமல், தள்ளிய பக்கம் மட்டும் சுற்ற ஆரம்பித்தால் கண்டன்சர் செத்துவிட்டது. தானாகக் கிளம்பி மெதுவாக ஓடினால் கண்டன்சர் அளவு இறங்கிவிட்டது. வருஷக்கணக்கில் ஓடும்போது அது தேய்வது இயல்பு.

பெரும்பாலான 1200 மி.மீ. ஃபேன்களில் இருப்பது 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் கண்டன்சர். சிலவற்றில் 2.25 அல்லது 3.15 இருக்கும், பழையதின் மேலேயே அச்சிட்டிருக்கும், அதையே வாங்குங்கள். வேகம் கூடும் என்று பெரியதைப் போடச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. கூடத்தான் செய்யும், கூடவே மோட்டாரின் கம்பிச் சுருளும் (காயில்) சூடாகும்.

மாற்றும் முறை: எம்.சி.பி.யை அணையுங்கள். சுவர் ஸ்விட்ச் மட்டும் போதாது, ஏனென்றால் வயரிங்கில் நியூட்ரலை ஸ்விட்ச்சுக்குக் கொண்டுவந்த வீடுகளும் இருக்கின்றன. தண்டின் கீழே மோட்டாரை ஒட்டியுள்ள கிண்ணத்தின் ஸ்க்ரூவைத் தளர்த்தி மேலே ஏற்றினால் இணைப்புக் கட்டையும் கண்டன்சரும் தெரியும். கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். இன்சுலேஷன் பிடியுள்ள திருப்புளியால் கண்டன்சரின் இரு முனைகளையும் ஒரு முறை சேர்த்துத் தொட்டு, மிச்சமுள்ள மின்சாரத்தை இறக்குங்கள். கண்டன்சருக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது. இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தாலும் தவறில்லை. ஆனால் அதைத் தவறான காயில் வயரில் சேர்த்துவிட்டால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். கீழேயிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவதே சரி.

புதுக் கண்டன்சர் போட்டும் வேகம் வரவில்லையா? மாலையில் வோல்ட்டேஜ் எவ்வளவு என்று மீட்டரில் பாருங்கள். 190-க்குக் கீழே இறங்கும் இடங்களில் எந்த ஃபேனும் அப்படித்தான் ஓடும்.

ஃபேன் ஆடுகிறது. கழன்று விழுமா?

ஆட்டம் பல நேரம் இறக்கைச் சமநிலை பிரச்சினைதான். விழுவது வேறு காரணத்தால், அதனால் அதை முதலில் பாருங்கள். மேலே கொக்கியில் உள்ள ரப்பர் புஷ் பொடிந்திருக்கிறதா? தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் உள்ள போல்ட்டுகளில் ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா? ஃபேனை இறக்கி மாட்டும்போதெல்லாம் பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவார்கள்; இரண்டு முறை மடங்கிய பின் உடையும். புதிது ஒரு ரூபாய்ப் பொருள்.

பிறகு இறக்கை. கூரையில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, மூன்று இறக்கை நுனிகளையும் ஒவ்வொன்றாக அந்தப் புள்ளிக்குக் கொண்டுவந்து தூரத்தை அளவெடுங்கள். 3, 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இறக்கையின் கை வளைந்திருக்கிறது அல்லது ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. இறக்கைகள் எடை பார்த்துச் செட்டாக வருபவை. வேறு ஃபேனின் இறக்கையைக் கடன் வாங்கினால் ஆட்டம் தீரவே தீராது.

பி.எல்.டி.சி. ஃபேனுக்கு (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் ஃபேன்) பழைய ரெகுலேட்டரை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அதற்குள் சொந்த மின்னணுப் பலகை இருக்கிறது. ரெகுலேட்டர் வழியாக வரும் குறைந்த வோல்ட்டேஜ் அதைக் கெடுக்கும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேர் இணைப்புக் கொடுங்கள். சாதாரண ஃபேன் 70–75 வாட் இழுக்கும் இடத்தில் இது 28–35 வாட் இழுக்கும். ஆனால் பலகை போனால் கண்டன்சர்போல மூலைக்கடையில் கிடைக்காது.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது. எந்தப் பொருளால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லை என்றால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு தெரிந்தால் மின்சாரத்தை வெட்டும் ஸ்விட்ச்) விழும். வீடுகளில் உள்ளது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் வகை. எங்கோ மின்சாரம் எர்த்துக்கோ ஒருவர் உடம்புக்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. 'தொந்தரவாக இருக்கிறது' என்று அதை விலக்கி நேராக இணைத்துவிடுவது உயிரோடு விளையாடுவது.

வீட்டில் உள்ள எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்ச் அணைத்தால் போதாது. ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் வழியாகக் கசிவு தொடரலாம். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில் வயரிங் பழுது. எதிலும் விழவில்லை என்றால் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகிப் போடுங்கள். கீசர், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், பழைய ஃபிரிட்ஜ் என்ற வரிசையில் சந்தேகப்படலாம். கீசரில் ஹீட்டர் குழலின் உறை உப்பால் அரித்து வெடிப்பதே வழக்கமான காரணம்.

எல்லா எம்.சி.பி.யும் கீழே இருந்தும் விழுகிறது என்றால், எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. ஒற்றைத் துருவ எம்.சி.பி. நியூட்ரலை வெட்டாது என்பதால் இந்தப் பழுது மறைந்திருக்கும். இன்வெர்ட்டர் பொருத்திய நாளிலிருந்து தொல்லை என்றால், இன்வெர்ட்டர் வரிசையின் நியூட்ரலும் மற்ற வரிசையின் நியூட்ரலும் கலந்திருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அந்த ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது, மாற்றிவிட வேண்டும்.

இண்டக்ஷன் அடுப்பின் பிளக் கருகிவிட்டது. பிளக்கை மாற்றினால் போதுமா?

போதாது. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கிறது. சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. பிளக் மாற்றினால் மறுபடி கருகும். சாக்கெட்டை மட்டும் 16 ஆம்பியராக்கினாலும் ஆபத்துதான்: லைட் வரிசைக்கு இழுத்த 1 அல்லது 1.5 சதுர மி.மீ. வயரில் அந்தச் சுமை ஏறினால் சூடு இப்போது சுவருக்குள் போய்விடும், கண்ணுக்கே தெரியாது. டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியிலிருந்து 2.5 சதுர மி.மீ. தனி வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் – இந்த நான்கும் சேர்ந்தால்தான் வேலை முடியும். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவும் மாற்றுக் கட்டையைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர்தானே, அதன் பிளக்கும் ஏன் கருகுகிறது? தளர்ந்த ஸ்க்ரூ. பல இழை வயரின் சில இழைகள் வெளியே நிற்க, மிச்சத்தை மட்டும் இறுக்கினால் அந்த இடம் சூடாகும். இழைகளை முறுக்கி, இரண்டாக மடித்துச் செருகி இறுக்குங்கள்.

குழாய் சொட்டுகிறது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் நிற்கவில்லை.

இறுக்க இறுக்கத்தான் கெடும். முதலில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வாயிலிருந்து சொட்டினால் உள்ளே அடைக்கும் பகுதி. கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் கிளாண்ட் (தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு) அல்லது ஓ-ரிங்.

பல சுற்றுத் திருகும் பழைய குழாயில் ஒரு ரப்பர் வாஷர் பித்தளை இருக்கையில் அழுந்தி அடைக்கும். கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்து, கைப்பிடியையும் மேல்மூடியையும் கழற்றினால் வாஷர் கையில் வந்துவிடும். அரை அங்குலக் குழாய்க்கு அரை அங்குல வாஷர். போடும் முன் விரலை உள்ளே விட்டு இருக்கையைத் தடவுங்கள். வெட்டோ சொரசொரப்போ இருந்தால் எந்த வாஷரும் நீண்ட நாள் தாங்காது; குழாயையே மாற்றுவது லாபம்.

கால் சுற்றில் திறந்து மூடும் குழாயில் வாஷர் இல்லை. இரண்டு செராமிக் தட்டுகள் உரசி நிற்கின்றன. தொட்டி மணல் ஒரு துகள் நடுவில் போனால் கோடு விழுந்து சொட்டும். முழு ஸ்பிண்டிலையும் மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். தண்டின் நீளமும் தலைப் பல்லின் எண்ணிக்கையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. புதிதைப் போடும் முன் வால்வை ஒரு நொடி திறந்து, குழாய்க்குள் இருக்கும் மணலை வெளியே அடித்துவிடுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது, ஒரு மாதத்தில் மறுபடி சொட்டுவதற்குக் காரணமும் இதுவே.

கேட் வால்வு முழுதாக மூடவில்லை. என்ன செய்வது?

உப்பு படிந்த வால்வுகளில் வழக்கமான தொல்லை. பலமாகத் திருகாதீர்கள், தண்டு முறிந்துவிடும். தொட்டிக்குள் வெளியேறும் வாயில் துணி சுற்றிய மரக்கட்டையைச் செருகி, கயிறு கட்டி வெளியே விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

டெஃப்லான் டேப் சுற்றியும் மரையில் கசிகிறதே?

மூன்று தவறுகளில் ஒன்றாக இருக்கும். ஒன்று, எதிர்ப்பக்கம் சுற்றியிருப்பீர்கள். மரை முனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, கடிகார முள் திசையில் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் முடுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வரும். இரண்டு, போதாத சுற்று. கடையில் கிடைக்கும் மெல்லிய டேப்புக்கு 12 முதல் 15 சுற்று வேண்டும். மூன்று, குழாய் நேராக நிற்கவில்லை என்று முடுக்கிய பிறகு பின்னால் திருப்பியிருப்பீர்கள். திருப்பிய கணமே டேப் அறுந்துவிடும். கழற்றி, துடைத்து, புதிதாகச் சுற்றத்தான் வேண்டும்.

அதற்காக அளவுக்கு மீறியும் முடுக்காதீர்கள். டைல்ஸுக்குள் இருப்பது பித்தளை மரை பதித்த பிளாஸ்டிக் எல்போ. அது விரிந்தால் டைல்ஸை உடைப்பதைத் தவிர வழியில்லை.

ஒரே ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் மெதுவாக வருகிறது.

வாயில் உள்ள வலையைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் பைப் ஜாயின்ட்டில் கசிவு. மேலே சொல்யூஷன் பூசினால் நிற்குமா?

நிற்காது. சொல்யூஷன் கோந்து அல்ல. பைப்பின் மேல்தோலையும் ஃபிட்டிங்கின் உள்தோலையும் கரைத்து ஒன்றாக்குவதுதான் அதன் வேலை. வெளியே பூசினால் ஒன்றாக்க எதிரில் எதுவும் இல்லை. கசியும் ஃபிட்டிங்கை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு கப்ளரும் ஒரு துண்டுப் பைப்பும் வைத்துச் சேர்க்க வேண்டும்.

வாங்கும் முன் உங்களுடையது எது என்று பாருங்கள். வெள்ளையாக இருப்பது பொதுவாக யு.பி.வி.சி., இளமஞ்சள் கலந்த கிரீம் நிறம் சி.பி.வி.சி. இரண்டுக்கும் சொல்யூஷன் வேறு. அளவும் வேறு: அரை அங்குலச் சி.பி.வி.சி. பைப்பின் வெளி விட்டம் 15.9 மி.மீ., அரை அங்குல யு.பி.வி.சி. 21.3 மி.மீ. 'அரை இஞ்ச் கப்ளர் கொடுங்க' என்று மட்டும் கேட்டால் மறுபடி கடைக்கு நடக்க வேண்டியதுதான். கீசரிலிருந்து வரும் வெந்நீருக்குச் சி.பி.வி.சி.தான், யு.பி.வி.சி. சூட்டில் தளர்ந்துவிடும்.

ஆக்சா பிளேடால் நேராக வெட்டி, ஓரத்துப் பிசிரைச் சுரண்டி, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே போகும் ஆழத்தைப் பென்சிலால் குறியுங்கள். பைப்பிலும் ஃபிட்டிங்கிலும் மெல்லியதாகப் பூசி, கால் சுற்றுத் திருப்பிக்கொண்டே குறிவரை தள்ளி, 30 நொடி அப்படியே பிடித்திருங்கள். விட்டுவிட்டால் ஜாயின்ட் தானே பின்னால் நகரும். முழு அழுத்தம் கொடுக்க ஒரு நாள் பொறுப்பது நல்லது. மேலேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தாலும் ஜாயின்ட் பிடிக்காது, ஆகவே வரிசையை வடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எம்-சீல் அவசரத்துக்கு உதவும், அதுவும் கழிவுநீர்க் குழாய் போல அழுத்தம் இல்லாத இடத்தில். இரண்டு உருண்டைகளையும் நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து காய்ந்த பரப்பில் ஒட்ட வேண்டும்.

ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் கசிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொட்டித் தண்ணீரில் சில துளி சொட்டு நீலம் விட்டு 20 நிமிடம் யாரையும் பயன்படுத்த விடாதீர்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் அடிவால்வின் ரப்பர் வளையம் போய்விட்டது அல்லது உப்புப் படிந்திருக்கிறது. பெரும்பாலான இரட்டைப் பட்டன் தொட்டிகளில் வால்வைக் கால் சுற்றுத் திருப்பினால் மேலே வந்துவிடும். வளையத்தைக் கழற்றித் துடைத்துத் திருப்பிப் போட்டும் கசிந்தால் புதிது வாங்குங்கள். மேலே நிரம்பி வழிந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் மிதவை உயரம் அதிகம். நிரம்பி வழியும் குழலின் வாய்க்கு 2 செ.மீ. கீழே நீர்மட்டம் நிற்கும்படி அதைத் திருகி இறக்குங்கள்.

மோட்டார் ஓடுகிறது, மேலே தண்ணீர் ஏறவில்லை.

உடனே அணையுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மெக்கானிக்கல் சீல் (தண்டு வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் பாகம்) சில நிமிடங்களில் கருகும். பிறகு மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே தண்ணீர் சொட்டத் தொடங்கும், அது பேரிங்குக்குள் போய் அதையும் கெடுக்கும்.

சம்பில் தண்ணீர் இருக்கிறதா, ஃபுட் வால்வு (உறிஞ்சு பைப்பின் அடிமுனையில் உள்ள வால்வு) முழுதாக மூழ்கியிருக்கிறதா? இருந்தால் பம்பின் மேல்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தால் ஃபுட் வால்வில் கல்லோ பாசியோ சிக்கியிருக்கிறது அல்லது அதன் வாஷர் போய்விட்டது. நிரம்பி நின்றால், மூடிவிட்டு ஓட்டுங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் உறிஞ்சு பைப்பில் காற்றுப் புகுகிறது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தப் பைப்பில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். பம்புக்குள் நுழையும் மரையைக் கழற்றி டேப் சுற்றுங்கள்.

உறிஞ்சும் உயரத்துக்கும் எல்லை உண்டு. காற்றழுத்தம் தாங்கக்கூடிய உச்சம் 10.3 மீட்டர் நீர். நடைமுறையில் 6, 7 மீட்டருக்குமேல் தரைமேல் மோட்டார் இழுக்காது. கோடையில் கிணற்று நீர் அதற்குக் கீழே போனால் மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மோட்டார் சுற்றாமல் 'ம்ம்' என்று மட்டும் முனகினால் வேறு கதை. மின்சாரத்தை மெயினில் அணைத்துவிட்டுப் பின்பக்க விசிறியைக் கையால் திருப்புங்கள். வெகுநாள் ஓட்டாமல் விட்ட மோட்டாரில் பம்பு துருப்பிடித்து இறுகியிருக்கும். தடையின்றித் திரும்பினால் கண்டன்சர். அளவு பெயர்த்தகட்டில் இருக்கும்.

மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது.

கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். சுமை அதிகமானால் அது வெளியே தள்ளி மின்சாரத்தை வெட்டும். பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்துங்கள். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் விழுகிறது என்றால் ஜாரில் பாதிக்கு மேல் போடுகிறீர்கள், அல்லது ஜாரின் புஷ் இறுகிவிட்டது. வெறும் ஜாரின் பிளேடைக் கையால் (அடிப்பக்கக் கப்ளரைப் பிடித்து) சுற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மோட்டார் ஓடி பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளர் பல் தேய்ந்துவிட்டது. மோட்டார் பக்கக் கப்ளரைக் கழற்ற ஒரே விதி: மோட்டார் எந்தத் திசையில் சுற்றுமோ அந்தத் திசையில் திருகினால் கழலும். ஓடும்போது தானே இறுகும்படி மரை வெட்டியிருப்பார்கள். எதிர்ப்பக்கம் பலம் போட்டால் தண்டு வளையும். ஜார் அடியிலிருந்து கருப்பாகத் தண்ணீர் ஒழுகினால் புஷ் தேய்ந்திருக்கிறது, பிளேடு செட்டோடு மாற்றுங்கள். உள்ளே பொறி பறப்பது கார்பன் பிரஷ் தேய்வால் என்றால் பிரஷ் ஜோடியை மாற்றினால் தீரும். பொறி வளையமாகச் சுற்றிலும் எரிந்தால் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) பழுது, வீட்டில் ஆகாது.

சுவரில் துளை போட்டால் ஸ்க்ரூ பிடிக்கவில்லை, ஆடுகிறது.

துளை எதில் விழுந்தது என்பதுதான் கேள்வி. மேலே 12 மி.மீ. முதல் 20 மி.மீ. வரை சிமென்ட் பூச்சு. அது பாரம் தாங்காது. ரவுல் பிளக் (துளைக்குள் அடித்து ஸ்க்ரூவைப் பிடிக்கவைக்கும் பிளாஸ்டிக் உறை) பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும். எனவே 25 மி.மீ. பிளக் காலண்டருக்குத்தான், அலமாரித் தட்டுக்கு 50 மி.மீ. போடுங்கள். டிரில் பிட்டில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வரும் தூளின் நிறம் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடும்: சாம்பல் என்றால் பூச்சு, சிவப்பு என்றால் செங்கல். ஆழமாகப் போயும் சாம்பல் தூளே வந்து பிட் வழுக்கிக்கொண்டு போனால் இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள கலவையில் இறங்கியிருக்கிறீர்கள், 3 செ.மீ. மேலேயோ கீழேயோ மாறுங்கள்.

6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட், 4 மி.மீ. ஸ்க்ரூ. 8-க்கு 8, 5 மி.மீ. ஸ்க்ரூ. துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் பிளக்கை அடித்தால் பாதியில் நிற்கும். பெரிதாகிவிட்ட துளையில் தீக்குச்சி செருகாதீர்கள். அடுத்த அளவு பிட்டும் பிளக்கும் போடுங்கள். ஜன்னலுக்கு மேல் லின்டல் கான்கிரீட். சாதாரண டிரில் அங்கே புகைதான் விடும், ரோட்டரி ஹாமர் வாடகைக்கு எடுங்கள். கம்பியில் பட்டால் போராடாமல் இடம் மாற்றுங்கள். ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவர் என்றால் ஹாமரை அணைத்துவிட்டுத் துளையுங்கள், அதற்கென்றே வரும் நீள நைலான் பிளக் வேண்டும்.

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது. வயர் அந்தக் கோட்டில்தான் இறங்கும்.

பாத்ரூம் டைல்ஸ் உடையாமல் துளை போட?

முதலில் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று பொள்ளல் சத்தம் வந்தால் பின்னால் கலவை இல்லை, உடையும். ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி, மாஸ்கிங் டேப் ஒட்டி, ஈட்டிமுனை டைல்ஸ் பிட்டால், ஹாமர் இல்லாமல், குறைந்த வேகத்தில். டைல்ஸைத் தாண்டிய பிறகு சாதாரண பிட்டுக்கு மாறி ஹாமரைப் போடலாம்.

மழைக்காலத்தில் கதவு மூட மாட்டேன் என்கிறது. இழைத்துவிடலாமா?

ஐப்பசியில் இழைத்தால் மாசியில் இடைவெளி தெரியும். முதலில் கீலைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து கைப்பிடிப் பக்கம் தூக்கிப் பாருங்கள். ஆடினால் மேல்கீல் ஸ்க்ரூக்கள் தளர்ந்து கதவு தொங்கியிருக்கிறது, மழைமேல் பழி போடுகிறோம். தேய்ந்த துளையில் ஃபெவிகால் தடவிய மரக்குச்சிகளை நிறைத்து, காய்ந்ததும் வெட்டி, முன்னதைவிட 15 மி.மீ. நீளமான ஸ்க்ரூ போடுங்கள்.

கீல் சரியாக இருந்தால், நிலையில் சாக்பீஸ் தடவிக் கதவை மூடித் திறங்கள். வெள்ளை ஒட்டிய இடம்தான் உரசும் இடம். அங்கே மட்டும், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, 1 மி.மீ.க்குள் இழைப்புளி போடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் மூலை பிளக்கும். இழைத்த பரப்புக்கும், முக்கியமாகக் கதவின் அடிப்பகுதிக்கும், பிரைமரும் பெயிண்ட்டும் அடியுங்கள். அடிவிளிம்பைப் பெயிண்டர்கள் விட்டுவிடுவது வழக்கம். கழுவும் தண்ணீரைக் கதவு அங்கிருந்துதான் குடிக்கிறது.

சுவரில் ஓதம் ஏறிப் பெயிண்ட் உரிகிறது. டேம்ப் புரூஃப் பெயிண்ட் அடித்தால் சரியாகுமா?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடித்தால் அதுவும் உரியும். ஒரு முழ அளவு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது: மறுபக்கம் பாத்ரூமா, பைப்பா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று தேடுங்கள். அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம், ஜன்னல் திறந்தாலே குறையும். காரணத்தை அடைத்த பிறகும் சுவர் காய வாரங்கள் ஆகும்.

கேஸ் அடுப்பில் மஞ்சள் தீ. நாமே சுத்தம் செய்யலாமா?

பர்னரை எடுத்துக் கழுவி, துளைகளை ஊசியால் குத்தி, முழுதாகக் காயவைத்துப் போடலாம். பர்னருக்குக் கீழேயுள்ள காற்றுத் துளையில் எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பான் குப்பையும் அடைத்திருக்கும், அதையும் துடையுங்கள். ஜெட்டின் (கேஸ் வெளிவரும் சிறு மூக்கு) துளையைக் கம்பியால் பெரிதாக்க வேண்டாம். தீ இன்னும் மஞ்சளாகும்.

ரப்பர் குழாயின் மேல் அச்சிட்ட தேதியைப் பார்த்து 5 வருடத்துக்குள் மாற்றுங்கள், வெடிப்பு தெரிந்தால் அன்றே. கசிவைச் சோப்பு நுரையால் மட்டும் சோதிக்க வேண்டும். ரெகுலேட்டரையும் சிலிண்டர் வால்வையும் பிரிக்காதீர்கள். வாடை வந்தால் ரெகுலேட்டரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள்.